விற்பது யார் வேலை? சொந்தமாகப் பொறுக்கிய பங்குகளும் இண்டெக்ஸ் ஃபண்டும்

ஒன்பது ஆண்டுகள் நானே தேடித் தேடிப் பங்கு வாங்கினேன். ஒரு கட்டத்தில் கையில் பதினான்கு கம்பெனிகள் இருந்தன. அதற்குப் பிறகான ஆறு ஆண்டுகளில் ஒன்றைத் தவிர எல்லாவற்றையும் விற்று இண்டெக்ஸ் ஃபண்டுக்கு, அதாவது ஒரு சந்தைப் பட்டியலில் (இண்டெக்ஸ்) உள்ள எல்லாக் கம்பெனிகளையும் மொத்தமாக வாங்கும் ஃபண்டுக்கு, மாறிவிட்டேன். ஆகவே இதை நடுநிலை அலசல் என்று நினைத்துப் படிக்க வேண்டாம்.

எல்லோருக்கும் தெரிந்ததைச் சட்டென்று முடித்துவிடலாம். தனிப்பங்கில் பணம் பல மடங்காகவும் வாய்ப்பு உண்டு, மொத்தமும் போகவும் வாய்ப்பு உண்டு. இண்டெக்ஸ் ஃபண்ட் சந்தை தருவதை, ஒரு சிறு செலவைக் கழித்துக்கொண்டு, அப்படியே தரும். அதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது. தனிப்பங்குக்கு ஃபண்டில் இருப்பது போன்ற ஆண்டுக் கட்டணம் இல்லை, ஆனால் ஒவ்வொரு முறை கை மாற்றும்போதும் தரகும் வரியும் உண்டு. பணத்தைப் பல கம்பெனிகளில் பிரித்துப் போடும் பரவல் என்று பார்த்தால் நூற்றுக்கணக்கான கம்பெனிகளோடு பதினான்கு போட்டி போட முடியாது.

பரவலைப் பற்றி மட்டும் இன்னும் ஒரு வார்த்தை. அமெரிக்கப் பங்குச்சந்தையில் 1926 முதல் 2016 வரை இருந்த எல்லாப் பங்குகளையும் ஹென்ட்ரிக் பெசெம்பிண்டர் என்ற பேராசிரியர் கணக்கெடுத்தார். அவற்றில் பாதிக்கும் மேலானவை, தாம் சந்தையில் இருந்த காலத்தில், அரசின் குறுகியகாலக் கடன் பத்திரம் தந்ததைக்கூடத் தரவில்லை. அந்தப் பத்திரங்களுக்கு மேலாகச் சந்தை சேர்த்த செல்வம் முழுவதும் சுமார் 4 சதவீதக் கம்பெனிகளால் வந்தது. அந்த 4 சதவீதத்தில் சில என் பதினான்குக்குள் விழும் என்று நான் நம்பிய காலம் ஒன்று உண்டு.

நடுவில் மூன்றாவது வழி ஒன்றும் இருக்கிறது: மேனேஜர் ஒருவர் நமக்காகப் பொறுக்கித் தரும் ஆக்டிவ் ஃபண்ட். இதில் என் அனுபவம் குறைவு. ஒரே ஒரு ஃபண்டை மூன்று ஆண்டுகள் வைத்திருந்தேன். மேனேஜர் மாறினார், நானும் வெளியேறினேன். மூன்று ஆண்டை வைத்துக்கொண்டு நல்லது கெட்டது சொல்வது நியாயமில்லை. கட்டணக் கணக்கை மட்டும் சொல்லலாம். ஆண்டுக்கு 7 சதவீதம் வளர்ந்தால் 100 என்பது முப்பது ஆண்டில் 761 ஆகும். அதில் ஆண்டுக்கு ஒரு சதவீதம் கூடுதல் கட்டணமாகப் போய் 6 சதவீதமே நின்றால் 574 தான். அந்த இடைவெளியை ஈடுகட்டும் அளவுக்கு மேனேஜர் திறமைசாலியாக இருக்க வேண்டும், அதுவும் முப்பது ஆண்டும்.

சரி, என்னை மாற்றிய விஷயத்துக்கு வருகிறேன். அது லாப விகிதம் இல்லை. விற்பது.

பங்கு வாங்க ஆரம்பித்த நாளிலேயே ஒரு நோட்டுப் போட்டேன். கம்பெனி பெயர், வாங்கிய தேதி, விலை, ஏன் வாங்கினேன், எப்போது விற்பேன் என்று கட்டம் கட்டிய பக்கங்கள். ‘ஏன் வாங்கினேன்’ கட்டத்தில் எழுத்து வழிந்து ஓரம் வரை போயிருக்கும். ‘எப்போது விற்பேன்’ பதினான்கு வரியிலும் காலி. வாங்குவதைப் பற்றிப் படிக்க ஏராளமாகக் கிடைத்தது. விற்பதைப் பற்றி யாரும் பேசவில்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

அதில் ஒரு வரியின் கதையைச் சொல்கிறேன். வாங்கிய விலையை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். 70-க்கு வந்தது. கம்பெனியில் ஒன்றும் மாறவில்லையே என்று அதே எண்ணிக்கையில் இன்னொரு முறை வாங்கி ஆவரேஜ் செய்தேன். சராசரி 85 ஆனது. நோட்டில் 100-ஐ அடித்துவிட்டு 85 என்று எழுதியபோது ஏதோ சாதித்தது போல இருந்தது. பங்கு 40-க்குப் போனது. அப்போது மனம் போட்ட கணக்கு இதுதான்: “85 வரட்டும், நஷ்டமில்லாமல் வெளியே வந்துவிடலாம்.” 40 என்பது 85 ஆக இரண்டு மடங்குக்கும் மேல் ஏற வேண்டும். அப்படி ஏறக்கூடிய கம்பெனி என்று நம்பினால் எதற்காக வெளியே வர வேண்டும்? நம்பவில்லை என்றால் எதற்காகக் காத்திருக்க வேண்டும்? நான் என்ன விலைக்கு வாங்கினேன் என்பது அந்தக் கம்பெனிக்குத் தெரியாது. எனக்கு மட்டும் தெரிந்த அந்த ஒரு எண்ணைக் கட்டிக்கொண்டு இரண்டரை ஆண்டு உட்கார்ந்திருந்தேன். கடைசியில் 31-க்கு விற்றேன்.

அதே காலத்தில் இன்னொரு பங்கு 140 தொட்டவுடன் “லாபம் லாபம்தானே” என்று விற்றேன். அது பின்னால் நான்கு மடங்கைத் தாண்டியது. அந்தப் பக்கத்தை நான் அதிகம் திருப்புவதில்லை.

இது என் ஒருவன் கோளாறு என்றுதான் வெகுநாள் நினைத்தேன். டெரன்ஸ் ஓடீன் என்ற ஆய்வாளர் 1987 முதல் 1993 வரை ஓர் அமெரிக்கத் தரகு நிறுவனத்தின் 10,000 கணக்குகளைப் பார்த்து 1998-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். மக்கள் லாபத்தில் உள்ளதைச் சீக்கிரம் விற்கிறார்கள், நஷ்டத்தில் உள்ளதைப் பிடித்துக்கொள்கிறார்கள். விற்ற லாபப் பங்குகள், விற்காமல் வைத்த நஷ்டப் பங்குகளைவிட, அடுத்த ஓராண்டில் சராசரியாக 3.4 சதவீதப் புள்ளி அதிகம் தந்தன. தோட்டத்தில் பூச்செடியைப் பிடுங்கிவிட்டுக் களைக்குத் தண்ணீர் ஊற்றுகிற வேலை.

இனி இண்டெக்ஸ் ஃபண்ட் இதை எப்படிச் செய்கிறது என்று பாருங்கள். பெரும்பாலான இண்டெக்ஸ்களில் கம்பெனியின் சந்தை மதிப்புக்கு ஏற்ற எடை. விலை இறங்க இறங்க அதன் எடை தானாகக் குறைகிறது. ஏறுவதன் எடை தானாகக் கூடுகிறது. யாரும் ஆவரேஜ் செய்வதில்லை. வாங்கிய விலை என்று நினைவில் வைத்துக்கொள்ள அங்கே ஆள் இல்லை. ஒரு கம்பெனி தகுதி இழந்தால் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு வேறொன்றைப் போடுகிறார்கள்.

அமெரிக்க எரிசக்திக் கம்பெனியான என்ரானின் பங்கு 2000 ஆகஸ்டில் 90 டாலர். 2001 நவம்பர் இறுதியில் ஒரு டாலருக்கும் கீழே. அதே சமயம் அமெரிக்காவின் 500 பெரிய கம்பெனிகளின் இண்டெக்ஸான எஸ் அண்ட் பி 500 பட்டியலிலிருந்தும் வெளியேறியது, டிசம்பர் தொடக்கத்தில் திவாலானது. அந்த இண்டெக்ஸை வைத்திருந்தவருக்கு அது 500-இல் ஒன்று. அந்தக் கம்பெனியின் ஊழியர்களில் பலருக்கோ ஓய்வுக்காலச் சேமிப்பின் பெரும்பகுதியே அந்தப் பங்கில்தான் இருந்தது.

என்ரானில் நடந்தது கணக்கு மோசடி, அதை உதாரணமாகக் காட்டலாமா என்று கேட்கலாம். மோசடியால் திவாலாகாத கம்பெனியின் கதையும் உண்டு. ஜெனரல் எலக்ட்ரிக் 1907 முதல் இடைவிடாமல், அமெரிக்காவின் பெரிய கம்பெனிகளைக் கொண்ட இன்னொரு இண்டெக்ஸான டவ் ஜோன்ஸ் பட்டியலில் இருந்த கம்பெனி, 2000-வாக்கில் உலகின் மிக மதிப்புள்ள கம்பெனிகளில் ஒன்று. “வாங்கிப் போட்டுவிட்டு மறந்துவிடு” என்று சொல்வதற்கு அதைவிடப் பொருத்தமான பெயர் அப்போது கிடைத்திருக்காது. 2018 ஜூனில் அதைப் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். தனியாக வைத்திருந்தவர் அந்தப் பதினெட்டு ஆண்டும், இன்று விற்கலாமா நாளை விற்கலாமா என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டிருந்திருப்பார்.

தனிப்பங்கின் பராமரிப்பு என்று நான் சொல்வது இதைத்தான். காலாண்டு முடிவு படிப்பது, ஆண்டறிக்கை புரட்டுவது எல்லாம் நேரம் பிடிக்கும் வேலைகள், அவ்வளவுதான். எனக்கு அவை பிடிக்கவும் செய்தன. களைப்பாக்கியது, பதினான்கு கம்பெனிக்கும் ‘இன்னும் வைத்திருக்கலாமா’ என்று ஒவ்வொரு மாதமும் பதில் சொல்ல வேண்டியிருந்ததுதான்.

இண்டெக்ஸ் ஃபண்டில் விற்கும் முடிவே இல்லை என்று சொல்லவில்லை. ஒன்று மிச்சம் இருக்கிறது: மொத்தமும் விழும்போது மொத்தத்தையும் விற்றுவிடலாமா என்ற கேள்வி. 2020-இல் பிப்ரவரி 19 முதல் மார்ச் 23 வரை எஸ் அண்ட் பி 500 சுமார் 34 சதவீதம் இறங்கியது. அந்த வாரங்களில் கை துறுதுறுத்தது உண்மை. போன் செயலியைத் திறந்து விற்பனைப் பக்கம் வரை போய்த் திரும்பியிருக்கிறேன். ஆகஸ்டில் பழைய உச்சம் திரும்பிவிட்டது. என்னைத் தடுத்தது தைரியம் இல்லை. ஒரு கம்பெனி 34 சதவீதம் விழுந்தால் ‘இது முடிந்தது போல’ என்று தோன்றும். எல்லாமே சேர்ந்து விழும்போது அப்படி நினைப்பது கொஞ்சம் கடினம்.

ஆனால் அந்தச் சமாதானத்துக்கும் எல்லை உண்டு. ஜப்பானின் நிக்கேய் இண்டெக்ஸ் 1989 டிசம்பரில் தொட்ட உச்சத்தை 2024 பிப்ரவரியில்தான் தாண்டியது. முப்பத்துநான்கு ஆண்டுகள். இடையில் வந்த டிவிடெண்டையும் (கம்பெனிகள் லாபத்திலிருந்து பிரித்துத் தரும் தொகை) மாதாமாதம் போட்டவர்களையும் கணக்கில் எடுத்தால் படம் அவ்வளவு மோசமில்லை. இருந்தாலும் ஒரே நாட்டு இண்டெக்ஸை நம்பி மொத்தத்தையும் போடுவதற்கு எதிராக இதைவிட வலுவான சாட்சி எனக்குத் தெரியாது. ஆகவே நான் வைத்திருப்பது ஒன்றுக்கு மேற்பட்ட நாடுகளைத் தொடும் ஃபண்ட். மொத்தத்தில் 65 சதவீதம் இதில், 35 சதவீதம் கடன் பத்திரத்திலும் வைப்புத்தொகையிலும். இந்த விகிதம் ஐந்து சதவீதப் புள்ளிக்கு மேல் விலகினால் ஆண்டுக்கு ஒருமுறை சரிசெய்கிறேன். பங்கு பாதியாக விழுந்தாலும், மற்ற 35 சதவீதம் தாங்கினால், மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்குள் அடி நிற்கும். ‘தாங்கினால்’ என்பதைக் கவனியுங்கள். 2022-இல் அமெரிக்காவில் பங்கும் கடன் பத்திரமும் கூட்டாக விழுந்தன. 65 என்ற எண் சரியா என்று கேட்டால் எனக்குத் தூக்கம் வருகிற எண் அது, அதற்கு மேல் விளக்கம் இல்லை. சேர்த்த பணத்தை எடுத்துச் செலவு செய்யும் கட்டத்துக்கு நான் இன்னும் வரவில்லை, அதனால் அப்போது இது எப்படி வேலை செய்யும் என்று அனுபவத்தில் சொல்ல முடியாது.

என் ஒன்பது ஆண்டுப் பலனையும் சொல்லிவிடுகிறேன். அதே தேதிகளில் அதே பணத்தை இண்டெக்ஸில் போட்டிருந்தால் ஆண்டுக்கு ஏறக்குறைய இரண்டு சதவீதம் கூடுதலாக வந்திருக்கும் என்று கணக்கு வருகிறது. ஆரம்ப ஆண்டுகளின் டிவிடெண்டை ஒழுங்காக எழுதவில்லை, அதனால் இடைவெளி கொஞ்சம் குறைவாகவும் இருக்கலாம்.

பங்கு பொறுக்குவது பிடித்தவர்களை நான் தடுக்க மாட்டேன். மொத்தத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம், வாங்கும் முன்பே விற்கும் நிபந்தனையை எழுதிவிடுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்வேன். விலையை எழுதாமல் காரணத்தை எழுதுங்கள். விற்காமல் வைத்த அந்த ஒரே பங்குக்கு நானும் பின்னால் அப்படித்தான் எழுதினேன்: “கடன் ஆண்டு லாபத்தைப் போல மூன்று மடங்கைத் தாண்டினால் விற்பேன்.” போன ஆண்டு அறிக்கையில் தாண்டிவிட்டது. நிபந்தனை என் கையெழுத்திலேயே எதிரில் இருந்தது. விற்கப் பதினொரு நாள் ஆனது.