டிவி அலமாரிக் கணினியின் சூடு: கிளாக்கைக் குறைப்பதா, பவர் லிமிட்டா, வோல்ட்டேஜா?

டெல்லியில் ஜனவரி ராத்திரி ஹால் 14 டிகிரியில் இருக்கும். மே மாதம், மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள வீடு என்றால், ஏசி போடாத நேரத்தில் அதே ஹால் 38. படம் பார்க்க டிவி அலமாரியில் வைத்த கணினியின் கிராஃபிக்ஸ் கார்டுச் சூடு எப்போதும் அறைச் சூட்டின் மேல்தான் ஏறி நிற்கும். ஜனவரியில் 60 காட்டிய கார்டு, அதே படம், அதே ஃபேன் வேகம் என்றால் மே மாதம் 84-ஐத் தொட்டுவிடும். பல என்விடியா கார்டுகள் 83-இலேயே தானாக வேகத்தைக் குறைக்க ஆரம்பிக்கும். குளிர்காலத்தில் செட்டிங் செய்து 'சரியாக இருக்கிறது' என்று விட்ட கணினிகள் கோடையில் திணறுவது இதனால்தான்.

மயூர் விகாரோ ஆர்.கே.புரமோ, நம் வீடுகளில் டிவிக்குக் கீழே உட்காரும் கணினியில் பெரும்பாலும் இருப்பது பையன் கேம் ஆடிவிட்டு ஒதுக்கிய பழைய கார்டுதான். உதாரணத்துக்கு 2019-இல் வந்த ஜிடிஎக்ஸ் 1660 சூப்பரை எடுத்துக்கொள்வோம். 125 வாட் கார்டு. படம் பார்க்க இவ்வளவு தேவையில்லை. அதை அடக்க இருக்கும் வழிகளில் எல்லோரும் முதலில் கை வைப்பதுதான் இருப்பதிலேயே பலவீனமானது.

அதுதான் கிளாக்கை, அதாவது சிப் ஓடும் வேகத்தை, மட்டும் குறைப்பது. கார்டின் வேகம், வோல்ட்டேஜை மாற்ற உதவும் ஆஃப்டர்பர்னர் மென்பொருளில் கோர் கிளாக் ஸ்லைடரை மைனஸ் 400-க்கு இழுத்தால் வேகம் குறையும், வோல்ட்டேஜ் குறையாது. இந்த வோல்ட்டேஜுக்கு இந்த வேகம் என்று கார்டுக்குள் ஒரு வளைகோடு இருக்கிறது. மைனஸ் போட்டால் கோடு முழுவதும் கீழே இறங்கும், அவ்வளவுதான். முழு வேலை வந்தால் கார்டு அதே 1.05 வோல்ட்டுக்கு ஏறி, 1900 மெகாஹெர்ட்ஸுக்குப் பதில் 1500-இல் ஓடும். சிப் செலவழிக்கும் மின்சாரம் வேகத்துக்கு நேர் விகிதத்திலும், வோல்ட்டேஜுக்கு வர்க்க விகிதத்திலும் கூடும். ஆகவே இதில் மிச்சம் சுமார் 21 சதவீதம். இலேசான வேலையில் இன்னும் மோசம்: 1200 மெகாஹெர்ட்ஸ் போதும் என்ற காட்சிக்கு, முன்பு 1600-க்குக் கொடுத்த வோல்ட்டேஜை இப்போது கொடுக்கிறது.

பவர் லிமிட், அதாவது கார்டு இழுக்கும் வாட்டுக்கு வரம்பு, இதைவிட நல்லது. ஸ்லைடரை 60 சதவீதத்தில் வைத்தால் கார்டு 75 வாட்டைத் தாண்டாது. தாண்டப் பார்க்கும்போது தொழிற்சாலையில் அமைத்த அந்த வளைகோட்டின் வழியாகவே கீழிறங்கும். வேகம், வோல்ட்டேஜ் இரண்டும் சேர்ந்து குறையும், நிலைத்தன்மைக்கு எந்தக் கேடும் இல்லை. எவ்வளவு கீழே போகலாம் என்பதைக் கார்டுக்குள் பதிந்திருக்கும் மென்பொருளான பயாஸ் முடிவு செய்யும். ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 580-இல் மைனஸ் 50 சதவீதம் வரை இடம் உண்டு, பிந்தைய ஏஎம்டி கார்டுகளில் அந்த இடம் மிகக் குறுகல். குறை வேறிடத்தில் இருக்கிறது. படம் ஓடும்போது கார்டு 50 வாட்தான் இழுக்கிறது என்றால் 75 வாட் வரம்பு எதையுமே தடுக்கவில்லை. கார்டின் நிலையைக் காட்டும் ஜிபியு-இசட் மென்பொருளில் 'பெர்ஃப்கேப் ரீசன்' (வேகத்தைத் தடுக்கும் காரணம்) வரியைப் பாருங்கள். அங்கே 'பவர்' என்று வராவிட்டால் உங்கள் வரம்பு சும்மா நிற்கிறது.

மூன்றாவது வழி வளைகோட்டுக்கே தொப்பி போடுவது, அதாவது வோல்ட்டேஜுக்கு உச்ச வரம்பு கட்டுவது. டிவி கணினிக்கு என் தேர்வு இதுதான். முதலில் 15 நிமிடம் ஒரு படத்தை ஓட விடுங்கள். சூடு ஏற ஏற இந்தக் கோடு 15 மெகாஹெர்ட்ஸ் அளவில் படிப்படியாக நகரும் என்பதால், குளிர்ந்த கார்டில் செய்த அமைப்பு பிறகு இடம் மாறித் தெரியும். ஆஃப்டர்பர்னரில் கன்ட்ரோலும் எஃப்பும் சேர்த்து அழுத்தினால் கோடு திறக்கும். கீழ் அச்சில் 800 மில்லிவோல்ட்டைக் கண்டுபிடியுங்கள். அதற்கு வலப்புறம் உள்ள புள்ளிகள் அனைத்தையும் ஷிஃப்ட் விசையோடு இழுத்துத் தேர்ந்தெடுத்து, 800-இன் புள்ளிக்கும் கீழே இறக்குங்கள். முதன்மைச் சாளரத்தில் டிக் போட்டதும் வலப்புறம் முழுவதும் நேர்கோடாகப் படுத்துவிடும். இனி கார்டு எந்த வேலைக்கும் 0.8 வோல்ட்டைத் தாண்டாது.

கணக்கைப் பாருங்கள். 1.05-இலிருந்து 0.8 என்றால் வர்க்கத்தில் 0.58. வேகமும் 1900-இலிருந்து 1500 அளவுக்கு இறங்கினால் 0.79. பெருக்கினால் 0.46. கோரின் இயங்கு மின்சாரம் பாதிக்கும் கீழே. மெமரி, ஃபேன் செலவு தனி என்பதால் மொத்தக் கார்டில் இவ்வளவு தெரியாது, ஆனாலும் கிளாக் ஸ்லைடர் இதன் பக்கத்தில்கூட வராது.

இங்கே ஒரு எச்சரிக்கை. மேலே சொன்னது தொழிற்சாலைப் புள்ளியிலேயே நிறுத்துவது. பலர் இன்னும் ஒரு படி போய், 800 மில்லிவோல்ட் புள்ளியை 1700, 1750 என்று மேலே தூக்குவார்கள். கேமுக்கு அது லாபம். படத்துக்குத் தேவையே இல்லாத ஆபத்து. அளவு மீறினால் திரை இரண்டு விநாடி கறுத்து, கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவர் மீண்டு எழும், விண்டோஸ் நிகழ்வுப் பதிவில் 4101 என்று இருக்கும், ஆடியோ ரிசீவர் எச்டிஎம்ஐ இணைப்பை மறுபடி பிடிக்கும் வரை சத்தமும் வராது. அதோடு டிரைவர் விழுந்து எழுந்தால் உங்கள் அமைப்பு அழிந்து கார்டு பழைய வோல்ட்டேஜுக்கே திரும்பியிருக்கலாம், சூடு ஏறும் வரை அது தெரியாது. ஆகவே அமைப்பை முதல் புரொஃபைலில் சேமித்து, விண்டோஸ் சின்னம் போட்ட பட்டனையும் அழுத்திவிடுங்கள். டிரைவர் புதுப்பித்த பிறகு மறுபடி ஒரு பார்வை.

ஆர்எக்ஸ் 570, 580 வைத்திருப்பவர்களுக்கு: 'மெமரி வோல்ட்டேஜ்' என்று இருக்கும் பெட்டி உண்மையில் கோர் வோல்ட்டேஜின் அடித்தளம். அதைக் குறைக்காமல் கோரை மட்டும் குறைத்தால் எண் மாறும், சூடு மாறாது.

படத்தின் தரம் கெடுமா? எச்இவிசி முறையில் சுருக்கிய 4கே படத்தைப் பிரிப்பது கார்டில் உள்ள தனிச் சுற்று, அதற்கு இந்த வேகமே தாராளம். படத்தை மெருகேற்றும் மேட்விஆர் மென்பொருள் போட்டுப் பெரிதாக்குபவர்கள் மட்டும் கன்ட்ரோல்-ஜே அழுத்தி ரெண்டரிங் நேரம் பார்க்க வேண்டும். 24 ஃபிரேம் படத்துக்கு ஒரு ஃபிரேமுக்குக் கிடைப்பது 41.7 மில்லிசெகண்டு, 50 ஃபிரேம் டிவி பதிவுக்கு 20 மட்டுமே. நேரம் அதை ஒட்டி வந்தால் தொப்பியை 850-க்கு ஏற்றுங்கள், அல்லது மேட்விஆரில் ஒரு படி இறங்குங்கள்.

டெம்பரேச்சர் லிமிட்டை 65-க்கு இறக்குவதை விட்டுவிடலாம். 38 டிகிரி அறையில் படத்தின் நடுவே வேகம் சரிந்து ஃபிரேம் விழும்.

கார்டையே மாற்றலாமா? டெல்லியின் கணினிச் சந்தையான நேரு பிளேஸில் ஜிடி 1030 கேட்டால் பெட்டியில் ஜிடிடிஆர்5 (வேகமான மெமரி வகை) என்று இருக்கிறதா பாருங்கள். டிடிஆர்4 மாடலின் மெமரி வேகம் விநாடிக்கு 16.8 ஜிபி, மற்றதில் 48. 30 வாட் கார்டுதான், ஆனால் ஏவி1 என்ற புதிய வீடியோ சுருக்க முறையைப் பிரிக்கும் வசதி கிடையாது. ஆர்எக்ஸ் 6400-க்கும் கிடையாது. 70 வாட் ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபிக்கு உண்டு. மேட்விஆர் வேண்டாம் என்றால் ஐ3-12100-இன் உள்கிராஃபிக்ஸே ஏவி1 ஓட்டும், கார்டே வேண்டாம்.

எதைச் செய்தாலும் சோதனையை அலமாரிக் கதவை மூடி, ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் ஓட்டிப் பாருங்கள். மூடிய பெட்டியின் காற்று சூடாகி நிலைக்க அவ்வளவு நேரம் ஆகும், பத்து நிமிட எண் பொய் சொல்லும். அறைச் சூட்டையும் பக்கத்தில் குறித்துக்கொண்டு இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை ஒப்பிடுங்கள். அலமாரியின் பின்பலகையில் மேல் பக்கம் 120 மிமீ ஃபேன் அளவுக்கு ஒரு ஓட்டை, அடியில் காற்று நுழைய அதே அளவு வழி. கூலரின் ஈரக்காற்று நேரே அதற்குள் அடிக்காமல் திருப்பி வையுங்கள். மே, ஜூனில் ஆந்தி (புழுதிப் புயல்) அடித்த மறுநாள் ஃபில்டரைத் தட்டுங்கள்.