ஷோப்பானா, லிஸ்ட்டா: முதலில் யாரை வாசிப்பது?

பியானோவில் அடிப்படை தாண்டியவர்களுக்கு, இந்த இரு இசையமைப்பாளர்களில் யாருடைய படைப்பில் தொடங்குவது என்று வரும் குழப்பம் இது.

வாழ்க்கை: ஷோப்பானுக்கு (1810–1849) மேடை பிடிக்காது, பாரிஸில் பாடம் சொல்லிக்கொடுத்துப் பிழைத்தார்.
லிஸ்ட் (1811–1886) ஐரோப்பாவையே சுற்றிக் கலக்கியவர். 1847இல் புகழின் உச்சியிலேயே கச்சேரிப் பயணங்களை நிறுத்திவிட்டார்.

விரல் வேலை: லிஸ்ட்டின் ‘லா கம்பனெல்லா’வில் வலது கை இரண்டு ஆக்டேவ் (ஓர் ஆக்டேவ் என்பது ச முதல் மேல் ச வரை) தாவ வேண்டும். விரலுக்குத் தண்டனைதான்!
ஷோப்பானின் நான்காம் பிரிலூடில் (பிரிலூட் என்பது சிறிய பியானோ படைப்பு) வலது கை ஏறக்குறைய ஒரே சுரத்தில் நிற்க, இடது கையின் கார்டுகள் (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) மெல்ல மெல்ல அரைச்சுரமாக இறங்கும். சுரங்களை ஒரு வாரத்தில் பிடித்துவிடலாம். அந்த இறக்கத்தைச் சீராக ஒலிக்கச் செய்வதுதான் பெரும்பாடு.

செலவு: இருவருக்கும் காப்புரிமை இல்லை, இசைப்பிரதி இணையத்தில் இலவசம்.

தனியாக வாசித்து மகிழ்பவருக்கு ஷோப்பான். ஆக்டேவ் பயிற்சியில் தேறி, சபையை அசத்த நினைப்பவருக்கு லிஸ்ட்.