கல்மண்டபத்துல தச்ச ஷூவோட பர்வதமலை ஏறி இறங்கினேன்

இதுக்கு முன்னாடி ஒரு தடவ, திருவண்ணாமலை மாவட்டத்துல மேல சிவன் கோயில் இருக்குற பர்வதமலை ஏறும்போது பாதி வழில என் டிரெக்கிங் ஷூ வாயப் பொளந்துடுச்சு. அதிகம் போடாத ஷூ அது, மூணு வருஷமா காசிமேட்டு வீட்டுல பரண் மேல டப்பாவுலயே கெடந்துச்சு, பாத்தா புதுசு மாதிரிதான் இருந்துச்சு. படி ஏறுற வரைக்கும் ஒண்ணும் தெரியல, கல்லும் கரடும் ஆரம்பிச்சதும் குதிகால் பக்கம் தூள் தூளா உதிருது. துண்டக் கிழிச்சு கட்டிக்கிட்டு இறங்கி வந்தேன்.

ராயபுரம் கல்மண்டபம் கிட்ட பிளாட்பாரத்துல ஷூ தைக்கிற அண்ணா கிட்ட கொண்டு போனேன். கட்டை விரலால அழுத்திப் பாத்துட்டு, "இத ஒட்டி பிரயோஜனம் இல்லபா, உள்ள இருக்குற ஃபோமே செத்துப்போச்சு, இத சும்மா மூடி வெச்சாலே போயிடும்"னாரு. அப்புறம் தேடிப் படிச்சா அப்படியே உண்மை. நடு சோல்ல இருக்குற பாலியூரித்தேன்ங்கிற ஃபோம் காத்து ஈரத்துலயே மெல்ல மெல்ல சிதைஞ்சுடுமாம், நம்ம கடலோர ஏரியால சொல்லவே வேணாம்.

பழைய சோல மொத்தமா உரிச்சுட்டு, ஆழமா வெட்டு இருக்குற கெட்டி ரப்பர் சோல் வெச்சு, ரெண்டு பக்கமும் சொல்யூஷன் தடவி காய விட்டு ஒட்டி, சுத்தி நைலான் நூல்ல தச்சுக் குடுத்தாரு. 700 ரூபா. "ஏற பயமா, இறங்க பயமா?"னு கேட்டாரு, இறங்கதான்னு சொன்னதும் உள்ள அட்டைய மெலிசா போட்டு விரலுக்கு முன்னாடி கொஞ்சம் இடம் விட்டாரு பாருங்க, அந்த ஒரு கேள்விக்கே காசு குடுக்கலாம்.

போன மாசம் மறுபடி போனேன், போளூர் போயி தென்மாதிமங்கலம் வழியா. மொத்தம் 4560 அடி மலை. கீழ படி, நடுவுல உருட்டுக்கல்லு, மேல போனா செங்குத்துப் பாறைல கடப்பாறைய அடிச்சு சங்கிலி கட்டியிருக்காங்க, அதப் புடிச்சுதான் ஏறணும். பாதத்துல முன் பாதிக்குதான் அங்க இடம், மெத்துமெத்துன்னு வளையுற சோலா இருந்தா ஆடுதசை நடுங்கிடும், இந்த ரப்பர் கெட்டியா நின்னுச்சு. மலை முதுகுல பக்கத்துல பள்ளம், காத்து வேற தள்ளுது, அப்பவும் கால் எங்க வெச்சேனோ அங்கயே இருந்துச்சு. மேல மல்லிகார்ஜுனேஸ்வரருக்கு நம்ம கையாலயே பூ போட்டு கும்பிட விடுறாங்க, எனக்கு கண்ணு கலங்கிடுச்சு. இறங்கும்போது கணுக்கால் கிட்ட லேஸ நல்லா இறுக்கிக் கட்டினேன், ஒரு நகம் கூட அடிபடல.

குறைன்னா, ஷூ முன்ன விட கனம். ரெண்டு நாள்ல தரேன்னு சொல்லி ஆறு நாள் ஆச்சு, வேலை நிறைய இருக்கு அவருக்கு. இன்னொண்ணு, தையல் வெளிய தெரிஞ்ச இடத்துல நூல் பாறைல உரசி பிசிறு வந்துடுச்சு. கொண்டு போய் காட்டினேன், ரப்பர்ல கோடு கீறி நூல உள்ள இறக்கி திரும்ப தச்சாரு, காசு வாங்கல. நீங்க குடுக்கும்போது மலைக்குன்னு சொல்லி மொதல்லயே அந்தக் கோடு கீறித் தைக்க சொல்லிடுங்க.