கைக்கோடாரி நன்று, கையேடு போதாது: கற்கருவி நகல் பெட்டி குறித்து

எங்கள் பள்ளி வரலாற்று மன்றத்துக்காக வாங்கிய பழங்கற்காலக் கருவி நகல் பெட்டியில் ஆறு ரெசின் வார்ப்புகளும், நாற்பது பக்கத் தமிழ்க் கையேடு ஒன்றும், அளவுகோல் அட்டை ஒன்றும் உள்ளன. விலை 2,400 ரூபாய். அஞ்சல் செலவு தனி. தொல்லியல் படிக்க விரும்பும் மாணவர்களுக்கு அத்தொழிலை அறிமுகப்படுத்துவதே நோக்கம் என்று மேலட்டையிலேயே அச்சிட்டிருக்கிறார்கள். கருவிகளைக் காட்டுவதில் பெட்டி பெரும்பாலும் வென்றிருக்கிறது. அவற்றை ஆராய்பவர் உண்மையில் என்ன வேலை செய்கிறார் என்பதைச் சொல்வதில்தான் தடுமாறியிருக்கிறது.

கொடுத்த காசுக்குக் கைக்கோடாரி ஒன்றே போதும் எனலாம். உள்ளங்கையை நிறைக்கும் அளவில், ஒரு முனை கூராகவும் மறுமுனை பருத்தும், இரு முகங்களிலும் செதில் (தட்டும்போது பெயரும் மெல்லிய கல்துண்டு) பெயர்ந்த தழும்புகளோடும் இருக்கிறது. கல்தூள் கலந்து எடை கூட்டியிருப்பதால் வழக்கமான வார்ப்புகளின் பொம்மைத்தனம் இதில் இல்லை. சன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் எந்தத் தழும்பு முந்தியது, எது பின்னர் அதன்மேல் வெட்டிச் சென்றது என்பதைக்கூடப் பிரித்தறிய முடிகிறது. விளிம்பை நேர் எதிரே வைத்துப் பார்த்தால் அது நேர்கோடாக இல்லாமல் நெளிந்து செல்வது தெரியும். ஒரு முகத்தில் ஓர் அடி, திருப்பி மறுமுகத்தில் ஓர் அடி என்று மாறி மாறித் தட்டியதன் விளைவு அது. கண்ணாடிப் பேழைக்குள் இருக்கும் மூலக் கருவியை எவ்வளவு நேரம் பார்த்தாலும் இப்படித் திருப்பிப் பார்க்க முடியாது என்பதால், இந்த ஒரு வார்ப்பை மட்டும் வைத்துக்கொண்டே ஒரு முழு வகுப்பு நடத்தலாம். அகன்ற வெட்டுவாய் கொண்ட பிளக்கும் கருவியும் குறை சொல்ல முடியாதது. செதில்களைத் தட்டியெடுத்த மூலக் கல்லான கருக்கல் சுமார்.

செதில்கள் இரண்டு. ஒன்றில் அடி விழுந்த சிறு தளமும், அதற்குச் சற்றுக் கீழே எழும் புடைப்பும், அங்கிருந்து பரவும் அலை வரிகளும் தெளிவாக இருக்கின்றன. தானாக உடைந்த கல்லையும் மனிதன் உடைத்த கல்லையும் வேறுபடுத்த ஆய்வாளர் முதலில் தேடுவது இவற்றைத்தான். மற்றொன்றில் அச்சு தேய்ந்துபோயிருக்க வேண்டும், ஏனெனில் புடைப்பு வழுவழுத்து, ஆற்றுக் கூழாங்கல்லின் துண்டு போலவே தோன்றுகிறது. கற்றுக்கொடுக்க வேண்டிய இடத்திலேயே சறுக்கிய வார்ப்பு இது.

கையேட்டின் பாதி, இந்தியாவின் பழங்கற்கால ஆய்வைத் தொடங்கிவைத்த நிலவியலாளர் இராபர்ட் புரூஸ் ஃபூட்டின் வாழ்க்கை. தேர்வு சரிதான், சொன்ன விதம் சரியில்லை. 1863 மே 30 அன்று பல்லாவரத்து இராணுவ அணிவகுப்புத் திடலருகே சரளைக் குழியில் அவர் ஒரு கற்கருவியைக் கண்டெடுத்ததை, வழியில் கிடந்த புதையல் காலில் இடறியதைப் போல எழுதியிருக்கிறார்கள். அவர் 1858 முதல் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் பணியாற்றியவர். சரளையையும் செம்புரைக்கல்லையும் அடுக்கு அடுக்காகப் பார்த்துக் குறிப்பெழுதுவதே அவருடைய அன்றாட வேலை. பிரான்சின் சோம் ஆற்றுச் சரளையில் கிடைத்த கற்கருவிகள் அழிந்துபோன விலங்குகளின் காலத்தவை என்பதை ஆங்கிலேய அறிஞர்கள் 1859இல் ஏற்றுக்கொண்ட செய்தி அப்போது இன்னும் சூடு ஆறாமல் இருந்தது. ஆகவே எப்படிப்பட்ட மண்ணில் எதைத் தேடுவது என்று தெரிந்த கண்தான் அந்தக் குழிக்குள் பார்த்தது. அதே ஆண்டு செப்டம்பரில் அவரும் உடன் பணியாற்றிய நிலவியலாளர் வில்லியம் கிங்கும் சென்னைக்கு வடமேற்கே உள்ள அதிரம்பாக்கத்தில் கருவிகளைக் கண்டதும், 1866இல் சென்னை, வட ஆற்காடு மாவட்டங்களின் செம்புரைப் படிவுகளில் கிடைத்த கருவிகள் பற்றி அவர் விரிவான கட்டுரை வெளியிட்டதும் கையேட்டில் ஒரே வரியில் கடந்துபோகின்றன.

1891 வரை அரசுப் பணி, அதற்கிடையே கர்னூல் பகுதியின் பில்லசுர்கம் குகைகளில் அகழாய்வு, பின்னர் பரோடா சமஸ்தானத்தில் நிலவியல் பணி என்று நீண்ட அந்த வாழ்க்கையில், தான் திரட்டிய கருவிகளை எந்த ஊரில், எந்தப் படிவில் எடுத்தது என்ற குறிப்போடு அவர் பாதுகாத்தார். 1904இல் அத்தொகுப்பைச் சென்னை அருங்காட்சியகம் வாங்கியது. அவர் 1912இல் மறைந்த பின் அதன் விவரப் பட்டியல் 1914இலும் அதற்கான குறிப்புகள் 1916இலும் அச்சாயின. மாணவருக்குச் சொல்ல வேண்டிய செய்தி இதுதான்: கண்டெடுப்பது ஒரு பொழுது, குறித்து வைப்பது ஆயுள் முழுதும். (அவர் மணந்தது பீட்டர் பெர்சிவலின் மகளை. ஆறுமுக நாவலரைத் துணையாகக் கொண்டு விவிலியத்தைத் தமிழாக்கிய அதே பெர்சிவல்தான். தமிழ்க் கையேட்டில் இதற்கு இடமில்லாமல் போனது வியப்பு.)

இன்னும் பெரிய குறை, கதை ஃபூட்டோடு முடிந்துவிடுவது. அதிரம்பாக்கத்தில் தொல்லியலாளர்கள் சாந்தி பப்புவும் குமார் அகிலேஷும் உடன் ஆய்வாளர்களும் நடத்திய அகழாய்வு, அங்குள்ள கைக்கோடாரிப் பண்பாடு ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுகள் பழமையானது என்று 2011இல் நிறுவியது. மண்ணில் புதையுண்ட குவார்ட்ஸ் கனிமத்தில் அலுமினியம்-26, பெரிலியம்-10 ஆகிய கதிரியக்க அணுக்கள் இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சிதைவதால், அவற்றின் விகிதத்தைக் கொண்டு புதைந்த காலத்தைக் கணக்கிட்டார்கள். கையேடோ இன்னும் ‘சில லட்சம் ஆண்டுகள்’ என்கிறது.

2018இல் வெளியான அடுத்த ஆய்வு 7,200க்கும் மேற்பட்ட கற்பொருள்களை ஆராய்ந்து, சுமார் 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே அங்கு இடைப் பழங்கற்கால மரபு தொடங்கிவிட்டது என்றது. கைக்கோடாரிகள் படிப்படியாகக் குறைந்து, கருக்கல்லை முன்கூட்டியே பக்குவப்படுத்தி எடுத்த செதில்களும் சிறு கருவிகளும் பெருகியதே அதற்குச் சான்று. அழகான கைக்கோடாரியை மட்டும் பொறுக்கி வைத்துக்கொண்டு இந்த மாற்றத்தைக் கண்டிருக்க முடியாது. அதைக் காட்டிக்கொடுத்தவை எண்ணி, அளந்து, வகைப்படுத்திய சிறு செதில்கள். தச்சுப் பட்டறையில் நாற்காலியை மட்டும் எடுத்துக்கொண்டு இழைப்புச் சுருளைக் கூட்டித் தள்ளுவது போல, இப்பெட்டி அந்தச் சில்லுகளை முற்றிலும் விட்டுவிட்டது. கைப்பிடியளவு சில்லு வார்ப்புகளையும் வகை பிரிக்க ஒரு படிவத்தையும் சேர்த்திருந்தால், இத்துறையில் இறங்க நினைக்கும் மாணவர் தனக்கு அந்தப் பொறுமை இருக்கிறதா என்பதை வகுப்பறையிலேயே சோதித்துக்கொள்ளலாம்.

பொதி நன்றாக இருந்தது; ஒவ்வொரு வார்ப்பிலும் அடிப்பக்கத்தில் எண் பொறித்திருப்பதால் கலந்துபோகாது. களத்தில் கிடக்கும் கருவிகளை எடுத்து வரக்கூடாது, அடுக்கை விட்டுப் பிரிந்த கருவி பாதிச் செய்தியை இழந்துவிடும் என்று ஒரு பக்கம் முழுக்க எழுதியிருப்பதற்காகத் தயாரிப்பாளரைப் பாராட்ட வேண்டும்.

பள்ளிகளும் கல்லூரி வரலாற்றுத் துறைகளும் தயங்காமல் வாங்கலாம், ஆனால் ஃபூட் பற்றிய பக்கங்களை ஆசிரியர் தம் குறிப்புகளோடு நடத்த வேண்டியிருக்கும். வீட்டுக்கு ஒரு பிள்ளைக்காக வாங்க நினைப்பவர்கள் முதலில் பூண்டி நீர்த்தேக்கத்தருகே மாநிலத் தொல்லியல் துறை வைத்திருக்கும் தொல்பழங்கால அகழ்வைப்பகத்துக்கு ஒருமுறை அழைத்துச் செல்லட்டும். அங்கு பிள்ளை கேட்கும் கேள்விகளைப் பார்த்தபின் பெட்டிக்குப் பணம் கட்டினால் போதும். தேய்ந்த செதிலுக்கு மாற்று கேட்டிருக்கிறோம். அடுத்த வார்ப்பில் அனுப்புவதாகப் பதில் வந்திருக்கிறது.