டிஜிகேம்: இலவசம்தான், ஆனால் முதல் நாளே செட்டிங்கைச் சரி பாருங்கள்

மாதச் சந்தா கட்டாமல், படங்களை யாருடைய சர்வரிலும் ஏற்றாமல், பெரிய புகைப்படத் தொகுப்பை ஒழுங்காக வைத்துக்கொள்ள நினைப்பவர்களுக்கு என் முதல் பரிந்துரை டிஜிகேம். 2001-ல் தொடங்கிய திறமூல மென்பொருள் இது. கேடிஇ என்ற மென்பொருள் சமூகம் பராமரிக்கிறது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். தோற்றம் கொஞ்சம் பழைய பாணி, மெனுக்களும் ஏராளம். அதைப் பார்த்து மிரண்டு ஓடாதீர்கள். ஒரு பொழுதுபோக்குப் புகைப்படக்காரருக்கு அன்றாடம் தேவைப்படுவது அதில் கால்வாசிதான்.

நிறுவியதும் முதலில் போக வேண்டிய இடம் மெட்டாடேட்டா (படத்தைப் பற்றிய தகவல்) செட்டிங். நாம் போடும் டேக் (குறிச்சொல்), நட்சத்திரம், தலைப்பு எல்லாம் டிஜிகேமின் டேட்டாபேஸில் பதிவாகும். அதே தகவல் படத்தோடும் சேர்ந்து எழுதப்படுகிறதா என்பது செட்டிங்கைப் பொறுத்தது. எழுதப்படாமல் இருந்து, நாளை ஹார்ட் டிஸ்க் போனால் படங்களை பேக்கப்பிலிருந்து மீட்டுவிடலாம், பல வருட டேக் வேலை போனது போனதுதான். ஆகவே டேக், தலைப்பு, ரேட்டிங், லேபிள் எல்லாவற்றையும் மெட்டாடேட்டாவில் எழுதச் சொல்லி டிக் போடுங்கள். அடுத்து 'சைட்கார்' பகுதியில் படித்தல், எழுதுதல் இரண்டையும் இயக்குங்கள். அதன்பின் ஒவ்வொரு படத்துக்கும் பக்கத்தில், அந்தத் தகவலை வைத்திருக்கும் ஒரு சிறிய எக்ஸ்எம்பி கோப்பு உருவாகும். இதுதான் சைட்கார். ரா கோப்புக்குள் (கேமரா சென்சார் பதிவு செய்த, பதப்படுத்தாத படம்) நேரடியாக எழுதும் வசதியை மட்டும் தொடவே வேண்டாம். கேமரா எழுதிய மூலக் கோப்பு அப்படியே இருக்கட்டும். ஜேபெக்கில் எழுதலாம். மெட்டாடேட்டா எழுதுவதால் படத்தின் தரம் குறையாது.

ஏற்கெனவே டேக் போட்டு முடித்தவர்கள் மெயின்டெனன்ஸ் கருவியைத் திறந்து, டேட்டாபேஸிலிருந்து படங்களுக்கு என்ற திசையில் ஒத்திசைவை ஒருமுறை ஓட்டினால் போதும். திசையை மாற்றிக் கொடுத்துவிட்டால் படத்தில் இருக்கும் பழைய தகவல் டேட்டாபேஸில் வந்து உட்கார்ந்துவிடும். பட்டனை அழுத்தும் முன் இரண்டு தடவை பாருங்கள்.

டேட்டாபேஸ் எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். இயல்பாக வரும் எஸ்க்யூலைட் என்ற டேட்டாபேஸ் வகை, வீட்டுத் தொகுப்புக்குத் தாராளமாகப் போதும். அதைக் கணினிக்குள் இருக்கும் எஸ்எஸ்டியில் வையுங்கள். படங்கள் வெளி டிஸ்க்கிலோ நாஸிலோ (நெட்வொர்க்கில் இணைத்த சேமிப்புப் பெட்டி) இருக்கலாம், டேட்டாபேஸ் அங்கே இருக்கக் கூடாது. நெட்வொர்க் டிரைவில் எஸ்க்யூலைட் கோப்பு பூட்டுதல் (ஒரே நேரத்தில் இரண்டு பக்கமிருந்து எழுதாமல் தடுப்பது) சரியாக நடக்காமல் பழுதடையும் வாய்ப்பு அதிகம்.

கார்டிலிருந்து இறக்கும்போதே பெயர் மாற்றிவிடுவது நல்லது. கேமராவின் எண் 9999-க்குப் பிறகு மறுபடி முதலிலிருந்து தொடங்குவதால், ஒரே பெயரில் இரண்டு படங்கள் வந்து மோதும். 20240315_183022_001 என்பதுபோல் தேதி, நேரம், வரிசை எண் வரும்படி மாதிரி அமையுங்கள். கடைசி மூன்று இலக்கம் ஏன்? தொடர்ச்சியாகச் சுடும்போது ஒரே விநாடியில் ஐந்தாறு ஃபிரேம் விழும், நேரம் மட்டும் அவற்றைப் பிரிக்காது. இரண்டு கேமரா வைத்திருந்து ஒன்றின் கடிகாரம் தவறாக இருந்தால், முதலில் தேதி-நேரத்தைத் திருத்தும் கருவியால் அதை நகர்த்திவிட்டு, அப்புறம்தான் பெயர் மாற்ற வேண்டும். 'இறக்கியதும் அழி' என்ற வசதி வேண்டாம். பேக்கப் எடுத்த பிறகு கேமராவிலேயே கார்டை ஃபார்மேட் செய்யுங்கள்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது கழித்துக்கட்டும் வேலைதான். ஒரு மீன்கொத்தியை வரிசையாக இருபது ஃபிரேம் எடுத்திருந்தால், அவற்றை லைட் டேபிளில் போடுங்கள். இரண்டு படம் அக்கம்பக்கமாக நிற்கும். ஒன்றில் கண்ணை நோக்கி 100 சதவீதத்துக்குப் பெரிதாக்கினால் மற்றதும் அதே இடத்துக்கு நகரும். கண்மணியில் ஒளிப்புள்ளி எதில் கூர்மையாக இருக்கிறது என்பது பார்த்ததும் தெரியும். ஆல்ட்+1 தள்ளுபடி, ஆல்ட்+3 தேர்வு. நட்சத்திரத்துக்குக் கண்ட்ரோலுடன் எண். கடைசியில் வலப்பக்க ஃபில்டரில் தள்ளுபடியை மட்டும் காட்டச் சொல்லி மொத்தமாக நீக்கலாம். தானாகவே தரம் பிரிக்கும் வசதியும் உண்டு, ஆனால் அதை நம்பி எதையும் அழிக்காதீர்கள். பின்னணி மங்கலாக இருக்க வேண்டும் என்று திட்டமிட்டு எடுத்த நல்ல படத்தைக்கூட அது மங்கல் என்று ஒதுக்கிவிடலாம்.

நீக்கிய படங்கள் கணினியின் குப்பைத்தொட்டிக்குப் போவதில்லை. டிஜிகேமுக்குத் தனிக் குப்பைத்தொட்டி இருக்கிறது, அது அதே டிஸ்க்கில் மறைந்த ஃபோல்டராக உட்கார்ந்திருக்கும். ஆயிரம் படம் நீக்கியும் இடம் காலியாகவில்லையே என்று குழம்புபவர்கள் ஆல்பம் பட்டியலில் அதைத் தேடிக் காலி செய்யுங்கள்.

ரா, ஜேபெக் இரண்டும் சேர்த்து எடுப்பவர்கள் கோப்புப் பெயரை வைத்துக் குழுவாக்கலாம். இங்கே ஒரு பொறி இருக்கிறது. குழுவை மூடிய நிலையில் போடும் டேக் முன்னால் தெரியும் படத்துக்கு மட்டும் போகலாம். குழுவில் உள்ள எல்லாவற்றுக்கும் செயல்படுத்து என்பதைச் செட்டிங்கில் முன்கூட்டியே மாற்றி வையுங்கள்.

முகம் அடையாளம் காண்பது முழுக்க உங்கள் கணினியிலேயே நடக்கிறது. இதற்கான மாடல் கோப்புகளை முதலில் தரவிறக்க வேண்டும், அளவு பெரிது. ஒவ்வொருவருக்கும் சில முகங்களை, வேறு வேறு கோணத்திலும் வெளிச்சத்திலும், நீங்களே பெயரிட்ட பிறகு அடையாளம் காணச் சொன்னால் முடிவு நன்றாக வரும். பக்கவாட்டு முகங்களிலும் குழந்தைகள் வளர்ந்து மாறும் முகங்களிலும் தடுமாறும். நகல் தேடலுக்கு முதலில் எல்லாப் படங்களுக்கும் 'கைரேகை' (படத்தின் தோற்றத்தைச் சுருக்கிய அடையாளம்) உருவாக்க வேண்டும். இது தோற்றத்தை ஒப்பிடுவதால், தொடர் ஃபிரேம்களையும் நகல் என்றே காட்டும். கண்ணால் பார்க்காமல் எதையும் நீக்காதீர்கள்.

ரா திருத்தத்துக்கு இதைச் சிபாரிசு செய்ய மாட்டேன். வசதி இருக்கிறது, ஆனால் ரா திருத்தத்துக்கென்றே உள்ள டார்க்டேபிளோ ராதெரபியோ தரும் கட்டுப்பாடு இதில் இல்லை. டேக் வேலையை இங்கே முடித்துக்கொண்டு திருத்தத்தை அங்கே செய்யுங்கள். டார்க்டேபிளும் எக்ஸ்எம்பி எழுதுவதால், ஒரே படத்தை ஒரே நேரத்தில் இரண்டிலும் திறந்து வைக்க வேண்டாம்.

பேக்கப் எடுக்கும்போது டிஜிகேமை மூடிவிட்டு, படங்கள், எக்ஸ்எம்பி, டேட்டாபேஸ் கோப்புகள் எல்லாவற்றையும் சேர்த்துப் பிரதி எடுங்கள். திறந்திருக்கும்போது எடுத்த டேட்டாபேஸ் பிரதி பாதி எழுதிய நிலையில் இருக்கக்கூடும். மூன்று பிரதி, இரண்டு வகை ஊடகம், ஒன்று வீட்டுக்கு வெளியே. பிரதியிலிருந்து சில படங்களை எடுத்து எக்ஸ்எம்பியைப் படிக்கும் வேறொரு மென்பொருளில் திறந்து பாருங்கள். டேக் தெரியவில்லையென்றால் மெட்டாடேட்டா செட்டிங்கில் ஏதோ ஒரு டிக் விட்டுப்போயிருக்கிறது.