பலகை இல்லாத மெஸ்ஸும் மூன்று ஊரடங்கும்

காரைக்குடிக்கு வருகிறேன், எங்கே சாப்பிடலாம் என்று கேட்பவர்களுக்கு நான் கொஞ்ச நாளாக ஒரே இடத்தைத்தான் சொல்கிறேன். பெயர் கேட்டால் மட்டும் முழிக்க வேண்டியிருக்கிறது, ஏனென்றால் அந்த மெஸ்ஸுக்குப் பெயரும் கிடையாது, பலகையும் கிடையாது. செக்காலைப் பக்கம் ஒரு சந்துக்குள் பச்சை கேட் போட்ட பழைய வீடு, திண்ணையில் இரண்டு பெஞ்சு, உள்ளே முற்றத்தைச் சுற்றி ஆறு மேசை. கூகுள் மேப்பில் தேடாதீர்கள், கிடைக்காது. பதினொன்றரைக்கு மேல் அந்தச் சந்துக்குள் நுழைந்தால் கல்பாசி வறுபடும் வாசனையே கொண்டுபோய் வாசலில் விட்டுவிடும்.

முதலில் சாப்பாடு. சாதா சாப்பாடு 130 ரூபாய். சாம்பார், ரசம், மோர், இரண்டு காய், ஒரு மண்டி. இந்த மண்டிக்காகவே போகலாம். வெண்டைக்காய் மண்டி என்று எல்லா இடத்திலும் போடுகிறார்கள், பல இடங்களில் அது புளிக்குழம்பில் வெண்டைக்காயைப் போட்டதாகத்தான் இருக்கும். இங்கே அரிசி களைந்த கெட்டித் தண்ணீரிலேயே புளியைக் கரைத்து, சின்ன வெங்காயமும் பூண்டும் முழுசு முழுசாகக் கிடக்க, கீறிப் போட்ட பச்சை மிளகாய் ஊறி ஊறித் தானும் ஒரு காயாகிவிட்ட பதத்தில் வருகிறது. காரம் நாக்கில் நிற்காது, கொஞ்சம் பிந்தித் தொண்டையில் தெரியும். சென்னையில் 'செட்டிநாடு' என்று போர்டு போட்டுவிட்டு மிளகாய்ப்பொடியை அள்ளிக் கொட்டும் ஹோட்டல்காரர்களை ஒரு நாள் பஸ் ஏற்றி இங்கே கூட்டிவந்து உட்கார வைக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை உப்புக்கறி. ஆட்டுக்கறி, சின்ன வெங்காயம், பூண்டு, வரமிளகாய், உப்பு, கொஞ்சம் மஞ்சள். மசாலாப் பொடி என்று ஒரு சிட்டிகை கிடையாது. கறி நல்லதாக இல்லாவிட்டால் மறைக்க வழியே இல்லாத பதார்த்தம் இது, அதனால் மாஸ்டர் கறி வாங்கும் கடையை மாற்றவே மாட்டார். கோலா உருண்டை நாற்பதோ ஐம்பதோ போடுவார், ஒரு மணிக்குள் தீர்ந்துவிடும்.

மாஸ்டர் என்று ஏன் சொல்கிறேன் என்றால், அவர் கல்யாணச் சமையல் மாஸ்டர். அப்பா, தாத்தா காலத்திலிருந்து செட்டியார் வீட்டு விசேஷங்களுக்குச் சமைத்த குடும்பம். மெஸ் வைக்கும் எண்ணமே அவருக்கு இருந்ததில்லை. 2020 மார்ச் 25-இல் நாடு முழுக்க அடைத்தார்கள் இல்லையா, அந்தப் பங்குனியோடு அவர் தொழில் படுத்துவிட்டது. பிறகு கல்யாணத்துக்கு 50 பேர் என்று ஆனதும் யார் மாஸ்டரைத் தேடுவார்கள்? ஆயிரம் இலை போட்டுப் பழகிய கை, 50 பேருக்கு என்ன சமைக்கும்? வீட்டிலேயே அடுப்பை மூட்டி, ஊரில் தனியாகக் கிடந்த வயசான ஆச்சிகளுக்கும் செட்டியார்களுக்கும் பார்சல் கொடுக்க ஆரம்பித்தார். பிள்ளைகள் எல்லாம் சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும், இங்கே நாற்பது அறை வீட்டில் ஒரே ஒரு ஆள், அவருக்கு ஒரு தூக்குவாளிச் சாப்பாடு. அப்படி வந்த மெஸ் இது. அதனால் இந்த இடத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தால் கொரோனாவை விட்டுவிட்டு எழுத எனக்கு வரவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் இதன் வாடிக்கையாளர் ஆனது 2021 மே மாதம், கொரோனாவின் டெல்டா வகை அடித்த அலையில். உண்மையைச் சொன்னால் அந்த முதல் பத்து நாள் சாப்பாட்டுக்கு நான் மதிப்பெண் போட முடியாது, காரணம் எனக்கு மணமும் இல்லை ருசியும் இல்லை. நடந்தது இதுதான். தமிழ்நாட்டில் மே 10-ஆம் தேதியிலிருந்து முழு ஊரடங்கு. அதுவும் போதாது என்று 24-இலிருந்து மளிகைக்கடைகூடக் கிடையாது, காய்கறி வண்டியில் தெருவுக்கு வரும் என்றார்கள். இடையில் 22, 23 இரண்டு நாள் மட்டும் கடைகளையும் பஸ்ஸையும் திறந்துவிட்டார்கள். சென்னையில் இருந்த என் சித்தப்பா மகன், இதை விட்டால் மாட்டிக்கொள்வோம் என்று கிடைத்த பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து சேர்ந்தான். நாலாம் நாள் அவனுக்குக் காய்ச்சல். அடுத்த வாரத்துக்குள் வீட்டில் ஐந்து பேருக்கும். நாங்கள் யாரும் வாசற்படி தாண்டவில்லை, சத்தியமாக! ஆனால் ஊரடங்கு கேட்டுக்கு வெளியேதான் இருந்தது, கேட்டுக்கு உள்ளே ஐந்து பேருக்கு ஒரே குளியலறை.

அப்போது மாஸ்டர் தினமும் கேட்டின் கொண்டியில் தூக்குவாளியை மாட்டிவிட்டு, எதிர்த் திண்ணையில் போய் நின்று போன் செய்வார். "தம்பி, நண்டு ரசம் இருக்கு, சூட்டோட குடிங்க, ஆத்தா மிளகு கூடப் போட்டுருக்கு." (ஆத்தா என்றால் மாஸ்டரின் அம்மா.) மூடியைத் திறந்தால் ஆவி வருவது தெரிகிறது, மூக்குக்கு ஒன்றும் வரவில்லை. நண்டு ரசத்தின் ஆவியை முகத்தில் வாங்கிக்கொண்டு வெந்நீரைக் குடிப்பது மாதிரிக் குடித்தேன். அப்பாவுக்கு ஆக்சிமீட்டர் 91 காட்டிய அன்று பெட் தேடி ஆறு இடத்துக்குப் போன் போட்டோம். அதை விரித்து எழுத மனசில்லை, அப்பா பிழைத்துக்கொண்டார்.

சரி, ஊரடங்கு வேலை செய்ததா? எங்கள் வீட்டைக் கேட்டால் இல்லை என்போம். மாநிலத்தைக் கேட்டால் பதில் வேறு. மே 21 வாக்கில் ஒரு நாளைக்கு 36 ஆயிரத்தைத் தாண்டிய தொற்று எண்ணிக்கை ஜூன் பாதியில் 10 ஆயிரம் அளவுக்கு இறங்கியது. அடைத்த பத்துப் பதினோரு நாளில் உச்சம் வந்து பிறகு இறங்குகிறது என்றால், தொற்றி, காய்ச்சல் வந்து, டெஸ்ட் எடுத்து, முடிவு வருவதற்கு ஆகும் நாள் கணக்கோடு அது ஒத்துப்போகிறது. முழுக்க ஊரடங்குதான் இறக்கியது என்றும் சொல்லமாட்டேன், அதற்குள் ஊரில் பாதிப் பேருக்கு வந்துபோயிருக்கும் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. ஆனால் அந்த மே மாதத்தில் ஆக்சிஜன் இல்லை, பெட் இல்லை, தடுப்பூசி போட்டவர்கள் கொஞ்சம் பேர். அன்றைக்கு அடைக்காமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று, அன்று போன் போட்டுக்கொண்டிருந்தவன் என்ற முறையில், யோசித்துப் பார்க்கவே பயமாக இருக்கிறது.

அடுத்தது ஒமிக்ரான் வகை, 2022 ஜனவரி. இதில்தான் மாஸ்டருக்கு வயிற்றெரிச்சல். இரவு பத்து மணிக்கு மேல் ஊரடங்கு, ஞாயிற்றுக்கிழமை முழு ஊரடங்கு. மற்ற நாளில் பாதி மேசைக்கு ஆள் உட்காரலாம், ஞாயிறு என்றால் பார்சல் மட்டும். உப்புக்கறி மெஸ்ஸுக்கு ஞாயிற்றுக்கிழமையை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன இருக்கிறது? ஜனவரி 9, 16, 23, மூன்று ஞாயிறு. நடுவில் வந்த 16 காணும் பொங்கல் வேறு. வெளியூரில் இருப்பவர்கள் எல்லாம் ஊருக்கு வந்து, வீட்டில் சமைக்க ஆள் இல்லாமல் மெஸ்ஸைத் தேடும் நாள் அது. "கடையத் தொறக்கச் சொல்றாங்க, ரோட்ட மூடிட்டாங்க, கறி என்ன நடந்தா போகும்?" என்று ஆத்தா கல்லாவில் உட்கார்ந்து கேட்டது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. (கணக்கு முழுக்க அவர் விரல் நுனியில்தான், மெஷின் கிடையாது.)

அந்தச் சனிக்கிழமை சாயங்காலங்களை நான் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணியிலிருந்து மதியம் வரை பிரிந்து பிரிந்து வரும் கூட்டம், சனிக்கிழமை இரண்டு மணி நேரத்துக்குள் மீன்கடை, கறிக்கடை வாசலில் முண்டியடித்தது, மாஸ்க் எல்லாம் தாடைக்குத்தான். வைரஸுக்கு ஞாயிறு விடுமுறை கொடுத்துவிட்டுச் சனிக்கிழமை ஓவர்டைம் பார்க்க வைத்த மாதிரி.

ஞாயிறு ஊரடங்கு ஏன் எடுபடாது என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது, மாஸ்டருக்குச் சொன்ன மாதிரியே சொல்கிறேன். முதலில் வந்த வைரஸ், தடுப்பு ஒன்றும் இல்லாத ஊரில், ஒரு ஆளிடமிருந்து இரண்டு மூன்று பேருக்குப் போகும். இரண்டரை என்று வைத்தால், பத்துச் சந்திப்பில் ஆறை வெட்டினால் ஆளுக்கு ஒருவர் என்று நிற்கும், அதற்கு மேல் வெட்டினால் பரவல் படுத்துவிடும். டெல்டா அஞ்சு ஆறு பேருக்குப் போகும் என்றார்கள், அஞ்சு என்றே வைத்தாலும் பத்தில் எட்டுக்கு மேல் வெட்ட வேண்டும். வெட்ட முடியாத சந்திப்பு என்று ஒன்று இருக்கிறது பாருங்கள், வீட்டுக்குள்ளே இருப்பது, ஆஸ்பத்திரி, பால்காரர், காய்கறி வண்டி, ரேஷன் கடை, அதுவே பத்தில் இரண்டு மூன்று வந்துவிடும். ஒமிக்ரானோ ஆளுக்கு ஆள் தாவ மூன்று நாள் போதும், தடுப்பூசி போட்டவர்களையும், முன்பு வந்துபோனவர்களையும் திரும்பப் பிடித்தது. அப்படிப்பட்டதைப் பிடிக்க ஏழு நாளில் ஒரு நாள் கதவைச் சாத்துவது, ஏழு ஓட்டை உள்ள சல்லடையில் ஒரு ஓட்டைக்கு மாவு பூசுகிற வேலை.

"அப்ப ஏழு நாளும் அடைச்சிருந்தா நின்னுருக்குமா தம்பி?" என்று மாஸ்டர் கேட்டார். நல்ல கேள்வி. நெதர்லாந்தில் 2021 டிசம்பர் 19-லிருந்து அத்தியாவசியக் கடை தவிர மற்ற கடை, ஹோட்டல் எல்லாவற்றையும் மூடினார்கள், ஜனவரியில் எண்ணிக்கை அதுவரை இல்லாத அளவுக்கு ஏறியது. சீனாவின் ஷாங்காயில் நிறுத்தத்தான் செய்தார்கள். இரண்டரைக் கோடிப் பேர் ஊர், 2022 மார்ச் கடைசியில் ஆரம்பித்து ஜூன் 1 வரை, வாசலைத் தாண்ட விடவில்லை, பிடித்தவர்களை முகாமுக்குக் கொண்டுபோனார்கள், அரிசி காய்கறிக்கு ஜனங்கள் தவித்தார்கள். எண்ணிக்கை இறங்கியது. அதே வருஷம் டிசம்பரில் அந்த நாடே கட்டுப்பாடுகளைக் கைவிட்டதும் ஒரே மாதத்தில் ஊர் ஊராகப் பரவியது. ஆக முடியும், ஆனால் அந்த மாதிரி அடைக்க வேண்டும், அடைத்துக்கொண்டே இருக்கவும் வேண்டும். மாஸ்டர் கொஞ்ச நேரம் கரண்டியைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அது பட்டினி போட்டுக் காய்ச்சல எறக்குற மாதிரில்ல இருக்கு" என்றார்.

நம் மாநிலத்தில் ஜனவரி 22 வாக்கில் ஒரு நாளைக்கு 30 ஆயிரத்தைத் தொட்டு, 28-இலிருந்து இரவு ஊரடங்கையும் ஞாயிறு ஊரடங்கையும் எடுத்த பிறகும் எண்ணிக்கை இறங்கிக்கொண்டேதான் போனது. எடுத்ததால் ஏறவில்லை என்றால், போட்டதால் எவ்வளவு இறங்கியது என்று கேட்கத்தானே தோன்றும். ஆஸ்பத்திரி நிரம்பாமல் போனதற்குப் பெரிய காரணம் அதற்குள் கையில் ஏறியிருந்த ஊசி.

என் அபிப்பிராயம் கேட்டால், மாஸ்டர் வீட்டு முற்றம் செய்ததை ஞாயிறு ஊரடங்கு செய்யவில்லை. காற்றில் பரவுகிற நோய், மூடிய ஏசி அறையில் இருபது பேர் உட்கார்ந்து சிரித்துப் பேசிச் சாப்பிட்டால்தான் அதற்குக் கொண்டாட்டம். இங்கே மேலே வானம் தெரிகிற முற்றம், முன்வாசலிலிருந்து பின்கட்டு வரை ஒரே நேர்க்கோட்டில் கதவுகள், இலை பறக்காமல் தம்ளரை வைத்து அமுக்கித்தான் சாப்பிட வேண்டும். அந்த ஜனவரியில் ஏசி ஹாலுக்கும் இதற்கும் ஒரே விதி, இரண்டுக்கும் பாதி மேசை. அது நியாயமாகப் படவில்லை எனக்கு.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். கார் நிறுத்த இடமே இல்லை, சந்துக்குள் பைக் திரும்புவதே பாடு. கை கழுவும் இடம் பின்கட்டில், மழை பெய்தால் நனைந்துகொண்டுதான் போக வேண்டும். முற்றத்தை ஒட்டிய இரண்டு மேசையில் சித்திரை வெயில் நேராகத் தலையில் அடிக்கும். மீன் வறுவல் சுமார்தான், அவர் கறிக்கை, மீன்கை இல்லை. ஜிபே கோடு சுவரில் ஒட்டியிருக்கும், ஆத்தாவுக்கு அதில் நம்பிக்கை கிடையாது, பணம் வந்ததா என்று உள்ளே இருக்கும் பேரனைக் கூப்பிட்டுக் கேட்டுவிட்டுத்தான் விடுவார். கல்யாண முகூர்த்த நாளில் மாஸ்டர் வெளியே போய்விடுவார், அன்று மருமகள் சமையல். நன்றாகவே இருக்கும், ஆனால் மண்டி மட்டும் அந்தப் பதத்துக்கு வராது.

சாப்பாட்டுக்கு ஐந்துக்கு நாலரை. ஞாயிற்றுக்கிழமை போகிறவர்கள் பன்னிரண்டரைக்குள் போய்விடுங்கள், கோலாவுக்கு முன்பே போன் போட்டுச் சொல்லிவைத்தாலும் எடுத்துவைக்க மாட்டார்கள். பார்சலுக்குப் பிளாஸ்டிக் பையை நீட்டினால் ஆத்தா முகம் சுளிப்பார். தூக்குவாளி கொண்டுபோங்கள், ரசம் ஒரு கரண்டி கூட விழும்.