பாய்ம இயக்கவியல் கற்பிக்க: விஆரா, ஆய்வகக் குழாயா?

காட்பாடி பக்கம் பாலிடெக்னிக்கில் பாடம் எடுக்கும் நண்பர் கேட்டார், விஆர் (ஹெட்செட் மாட்டிப் பார்க்கும் மெய்நிகர் காட்சி), தண்ணீர் ஓடவிட்டுப் பார்க்கும் குழாய் அமைப்பு, இரண்டில் எதை வாங்கலாம் என்று.

செலவு: குழாய்க்கு அவ்வப்போது வாஷர், வால்வு. விஆரில் தொடு உணர்வுக் கையுறைதான் விலை அதிகம்.

வசதி: குழாயைச் சுற்றி ஐந்தாறு பேர் நிற்கலாம். ஹெட்செட் ஒருவருக்குத்தான்; சிலருக்குத் தலை சுற்றும்.

புரிதல்: இதுதான் முக்கியம். 1883-இல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் என்ற பொறியியலாளர் செய்ததுபோல் கண்ணாடிக் குழாயில் சாயம் விட்டால், ரெனால்ட்ஸ் எண் (ஓட்டம் சீரானதா, கலங்கலானதா என்று காட்டும் எண்) 2000-க்குக் கீழே இருந்தால் சாயம் நூல்போல் ஓடும்; 4000 தாண்டினால் கலங்கிவிடும். நேரில் பார்த்த பிள்ளை மறக்காது! ஆனால் அழுத்தம் கண்ணுக்குத் தெரியாதே. வென்ச்சுரிமீட்டரின் (நடுவில் குறுகும், ஓட்டத்தை அளக்கும் குழாய்) கழுத்தில் வேகம் கூடி அழுத்தம் குறைவதை விஆர் நிறமாகக் காட்டும், கையுறை விரலில் உணர்த்தும்.

அளந்து பழக வேண்டிய டிப்ளமோ பிள்ளைகளுக்குக் குழாய். இந்த வேகத்தையும் அழுத்தத்தையும் இணைக்கும் பெர்னூலி சமன்பாட்டில் திணறுபவர்களுக்கு விஆர். ஒன்றுதான் முடியுமென்றால், குழாயையே வாங்கச் சொன்னேன்.